பூனை திருடாத கம்பளி நூல்

எங்கள் வீட்டுப் பூனை பிக்கிள் இரண்டு குளிர்காலங்களைக் கார் கொட்டகையில் கழித்தது. மொன்டானாவின் ஜனவரி மாதத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். குற்றம், என் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலைத் திருடியது. சாட்சி, என் கணவர் லைல். "நான் கண்ணால பாத்தேன் வெர்னா. வாயில கவ்விக்கிட்டு அடுப்புக்குப் பின்னால போச்சு" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நீதிபதி நான். காபி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்த நூல் கடையில் வாங்கியது அல்ல. மேட்டுப் பண்ணை ஆடுகளின் கம்பளியை வாங்கி, நூற்று, நானே சாயம் தோய்த்தது. செங்கல்லுக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு சிவப்பு. இன்னொரு முறை முயன்றால் எனக்கே அந்த நிறம் வராது. மகள் பிரிட்டாவின் கல்யாணத்துக்கென்று அதில் ஒரு போர்வை பின்னிக்கொண்டிருந்தேன். கூடையில் நூல் குறையக் குறைய, பூனைமேல் எனக்குக் கோபம் ஏறியது.

எங்கள் ஊரில் மீன் பிடிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதலாவது மேல்தண்ணீர்க் கட்சி. இவர்கள் கோழி இறகையும் மான் முடியையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஒரு பொய்ப் பூச்சியைக் கட்டுவார்கள். அதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, ட்ரவுட் மீன் மேலே வந்து கவ்வுவதைக் கண்ணால் பார்த்து இழுப்பார்கள். இரண்டாவது அடித்தண்ணீர்க் கட்சி. இவர்கள் கனமான பொய்ப் பூச்சியை ஆற்றின் அடியில் உருளவிட்டு, மேலே ஒரு தக்கையைக் கட்டி, தக்கை முங்கினால் இழுப்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில்தான் விடுகிறார்கள். ஆக, ஒரு மீன்கூட அடுப்புக்கு வராத விஷயத்துக்காக இந்த ஊரில் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மேல்தண்ணீர்க் கட்சியின் தலைவர் என் கணவர்தான். யாரும் ஓட்டுப் போடவில்லை. காலையில் கஃபேயில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் தலைவர். செயலாளர் ஆல்வின், ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர். அவர் காதில் விழுந்த சேதி மறுநாள் காலை ஊர் முழுக்கப் பான்கேக்கோடு பரிமாறப்படும்.

"தக்கை போட்டு மீன் பிடிக்கறதும், பெட்ரோல் பங்க்ல வறுத்த மீன் வாங்கறதும் ஒண்ணுதான்" என்பார் லைல். அதற்கு அடுத்த கேவலம் ஒன்று உண்டு. சிவப்பு நூலை முள்ளில் கட்டி, மண்புழு மாதிரி அடியில் இழுப்பது. அந்தப் புழுவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவர் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இப்படிப்பட்டவரின் மகள் யாரைக் காதலித்தாள் என்கிறீர்கள்? வயட் என்ற பையனை. கோடை முழுக்க வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மீன் பிடிக்க வைப்பது அவன் தொழில். தூண்டிலைப் பிடிக்கத் தெரியாத ஆள்கூட அவன் படகில் மீனோடு படம் எடுத்துக்கொள்வான், ஏனென்றால் எல்லாருக்கும் தக்கை. அவன் வண்டிக் கண்ணாடியில் மற்றவர்கள் சிலுவையோ பாசிமணியோ தொங்கவிடும் இடத்தில் ஓர் ஆரஞ்சுத் தக்கை தொங்கும். முதல் தடவை அவன் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, பிரிட்டா ஓடிப்போய் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் ஒளித்தாள். அதற்குள் லைல் பார்த்துவிட்டார். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

கல்யாணம் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, ஆற்றின் கீழ் வளைவுக்கு அப்பால் ஒரு புல்வெளியில். பிரிட்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவள் பிறந்த வருடம் லைல் தன் கையால் செய்த மரப் படகு ஒன்று இருக்கிறது. அந்தப் படகில், அப்பா துடுப்புப் போட, கல்யாணத்துக்கு வந்து இறங்க வேண்டும். சின்னப் பெண்ணாக இருந்தபோதே சொல்லிவைத்த ஆசை.

"கல்யாணத்துக்கு வர்றேன். கோட்டு போட்டுக்கறேன். கேக் வெட்டினா ரெண்டு துண்டு சாப்பிடறேன்" என்றார் லைல். "ஆனா தக்கைக்காரன் கல்யாணத்துக்கு என் படகு தண்ணில இறங்காது."

பிரிட்டா குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள். குதிரை உதைத்து விலா எலும்பு விரிசல் விட்டபோதுகூட அந்தக் குதிரையைத்தான் திட்டினாள், அழவில்லை. அன்று சமையலறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அடுத்த ஒரு வாரத்துக்கு லைலுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்குதான் போட்டேன். மனிதர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வயட்டுக்குக் கோபம் வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கஃபேக்கே போய் மேஜையருகில் நின்றிருக்கிறான். "சார், உங்க மடுவுல, உங்க கண்ணு முன்னாடி, மிதக்கற பூச்சியில ஒரு மீன் பிடிச்சுக் காட்டினா படகை இறக்குவீங்களா?"

லைல் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆல்வின் மேஜையைத் தட்டி, "ஒத்துக்கிட்டோம். நான் நடுவர்" என்று சொல்லிவிட்டார். தலைவர் பின்வாங்க வழியில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் முகம் சுண்டிப்போயிருந்தது. பையன் ஜெயித்துவிடுவான் என்ற பயம் என்று நான் நினைத்தேன், நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

லைல் வழக்கமாகத் தூண்டில் போடும் அந்த ஆழமான மடு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான், வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொடும் இடத்தில். அந்தக் கோடையில் வெயில் அதிகம். தண்ணீர் சூடானால் மீன் களைத்துச் செத்துவிடும் என்று, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் யாரும் தூண்டில் போடக் கூடாதென்று மீன்வளத் துறை ஆற்றை மூடிவைத்திருந்தது. லைல் விடியும் முன்பே தனியாக எழுந்து மடுவுக்குப் போய்விடுவார். "குளிர்ச்சியில்தான் கடிக்கும்" என்பார். வசந்த காலத்திலிருந்து வண்டி ஓட்டுவதையும் என்னிடம் விட்டுவிட்டிருந்தார். இடுப்பு வலி என்றார். அதையும் நம்பினேன்.

போட்டி நாளன்று ஆல்வின் மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக முதல் ஆளாக வந்துவிட்டார். நான் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பின்ன உட்கார்ந்தேன். பிரிட்டா வலையோடு முழங்கால் தண்ணீரில் நின்றாள். லைல் ஒரு கட்டைமேல் உட்கார்ந்து தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். வயட் மான் முடியில் கட்டிய ஒரு வெட்டுக்கிளியை வீச ஆரம்பித்தான்.

அழகாகவே வீசினான். நான் பார்ப்பேன் என்று தெரிந்துதானோ என்னவோ, வளைவு வளைவாகத் தூண்டில் நரம்பை விரித்தான். மீன்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தம்பி, தக்கை இல்லாம கை நடுங்குதா?" என்றார் ஆல்வின்.

"நீங்க கிட்ட இருக்கீங்கல்ல டாக்டர். மாடே நடுங்குமாம்."

பிரிட்டா சிரித்தாள். ஆல்வின்கூடச் சிரித்தார். லைல் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அந்தக் கரையோரமா எழும்பிச்சே, பாத்தீங்களா?" என்று வயட் கேட்டான்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் லைல். அவர் தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது. வீம்பு என்று நினைத்து நான் ஒரு வரிசை பின்னி முடித்தேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆல்வின் கைக்கடிகாரத்தை நாங்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி அடிக்கடி தூக்கிப் பார்த்தார். பிரிட்டாவின் உதடு வறண்டுவிட்டது. எனக்குப் பின்னல் தப்பித் தப்பிப் போனது. ஒரு மீனுக்காகப் பிரார்த்தனை செய்வேன் என்று அதுவரை நான் நினைத்ததில்லை, ஆனால் செய்தேன்.

இரண்டு அடிக்கச் சற்று முன், வயட் வெட்டுக்கிளியை வில்லோ கிளைக்கு அடியில் நுழைத்துவிட்டான். ஒரு பழுப்பு மூக்கு மேலே வந்தது. அவசரமே இல்லாமல் கவ்வியது. வயட் கோலைத் தூக்கினான், கோல் வளைந்தது. பிரிட்டா ஏதோ சொன்னாள், என்னவென்று எனக்குப் புரியவில்லை. மீன் மடுவைச் சுற்றி ஓடியது, கல்லுக்குள் புகப் பார்த்தது, கடைசியில் வலைக்குள் வந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். ஆல்வின் பிளாஸ்க்கைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்து ஓடினார். நானும் போர்வையோடு ஓடினேன்.

மீனின் வாயோரத்தில் வெட்டுக்கிளி ஒழுங்காகக் குத்தியிருந்தது. மறு ஓரத்தில் இன்னொரு முள், அறுந்த நரம்போடு தொங்கியது. அந்த முள்ளில் கட்டியிருந்தது ஒரு சிவப்புப் புழு. செங்கல்லுக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு சிவப்பு.

நான் என் மடியிலிருந்த போர்வையைப் பார்த்தேன். மீனின் வாயைப் பார்த்தேன். மறுபடி போர்வையைப் பார்த்தேன்.

வயட் கெட்டிக்காரன். அவன் பார்வையும் அதே வழியில் போய், கடைசியாகக் கட்டைமேல் உட்கார்ந்திருந்த லைலிடம் போய் நின்றது. உடனே புழுவை உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"கையைத் தொற" என்றார் ஆல்வின். திறக்கவேண்டி வந்தது. "புழு. லைல், உன் மடுவுல புழு போட்டிருக்கான் எவனோ."

"என்னோடதுதான் டாக்டர்" என்றான் வயட். "நேத்து சாயங்காலம் வந்து பழகிப் பாத்தேன். அறுந்துபோச்சு."

பிரிட்டா ஏமாந்துபோனவளாய் அவனை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"நேத்து சாயங்காலமா?" ஆல்வின் குரல் இறங்கியது. "ஆறு ரெண்டு மணிக்கே மூடியாச்சே. மூடின ஆத்துல தூண்டில் போட்டேன்னு உன் வாயாலயே சொல்றியா? உன் தொழில் லைசென்ஸே போயிடும்டா."

பையன் பொய் சொல்லிப் பழகாதவன், நேரத்தைக் கவனிக்காமல் சொல்லிவிட்டான். முகம் வெளுத்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. குனிந்து மீனை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, மெல்ல விட்டான்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன். இத்தனை வருடம் எப்படிப்பட்ட மனிதருக்குச் சமைத்துப் போட்டேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

லைல் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார்.

"அவன் பொய் சொல்றான் ஆல்வின். புழு என்னோடது."

ஆல்வின் சிரித்தார். "மாப்பிள்ளையைக் காப்பாத்தறியா?"

"வெர்னா கூடையிலேர்ந்து எடுத்த நூல். அவ மடியைப் பாரு."

ஆல்வின் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நேத்து விடியக்காலைல அறுந்துச்சு" என்றார் லைல். "தண்ணிமேல பூச்சி மிதந்தா எனக்குத் தெரியறதில்ல. ரெண்டு வருஷமாவே. வெளிச்சம் பட்டா எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. புழுன்னா அடியில போகும், பாக்க வேண்டாம், இழுக்கறது கைக்குத் தெரியும்."

"தக்கை போட்டிருந்தாலாவது பெருசா தெரிஞ்சிருக்குமே" என்றார் ஆல்வின்.

"அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் கோபம் வந்தது. "மீனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல" என்றேன். "கட்டினவகிட்ட சொல்ல முடியல, ஆத்துக்குள்ள போய் மீன்கிட்ட சொல்லியிருக்கே."

"சொன்னா நீ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ."

"போகாம? கோயிலுக்கா கூட்டிட்டுப் போவேன்?"

"கண்ணுல கத்தி வெப்பாங்க வெர்னா."

கரடி துரத்தியபோது அதைத் திட்டிக்கொண்டே பின்வாங்கி நடந்த மனிதர். கத்திக்குப் பயந்து பூனைமேல் பழி போட்டிருக்கிறார்.

"புரைதான் இருக்கும். சின்ன வேலை" என்றார் ஆல்வின். "ஒரு நாய்க்கு நானே பண்ணியிருக்கேன்."

"அதைக் கேட்டதுலேர்ந்துதான் பயமே வந்துச்சு."

பிரிட்டா கரையேறி அவர் முன்னால் வந்து நின்றாள். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அப்போ படகு? வயட் தக்கைக்காரன்னு சொன்னது?"

லைல் அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கீழ் வளைவுல கல்லு இருக்கும்மா. முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே போவேன்னு பெருமை பேசுவேன். இப்ப நெஜமாவே அப்படித்தான் போகணும். உன்னை ஏத்திக்கிட்டு, அந்த வெள்ளை டிரஸ்ல… எப்படிம்மா?"

அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சட்டையும் நனைந்தது. நான் போர்வையை முகத்தில் வைத்துக்கொண்டேன், கம்பளி கண்ணை உறுத்தியது.

வயட் அப்போதும் தண்ணீரிலேயே நின்றான். எல்லாரும் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தவன் போல, பிறகு கேட்டான். "சார், எந்தெந்தக் கல்லு?"

லைல் ஒவ்வொன்றாகச் சொன்னார். பையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அன்று மாலையே பிக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அது லைலின் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவர் நின்றுகொண்டே இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். பூனையை எழுப்ப நான் விடவில்லை. மறுநாள் காலை கஃபேயில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. யாரோ ஜன்னலோர மேஜையில் லைல் உட்காரும் இடத்தில் ஒரு சிவப்பு நூலைச் சுருட்டி வைத்திருந்தார்கள். லைல் அதை எடுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டு காபி கேட்டாராம். கண் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து அக்டோபரில் நாள் வாங்கினேன்.

படகை ஓட்டுவதற்கு அவர் கடைசியில் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்தான். நான் முன்னால் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

சனிக்கிழமை வெயில் பளீரென்று இருந்தது, அவருக்கு ஆகாத வெயில். கோட்டும் டையுமாக லைல் துடுப்பில் உட்கார்ந்தார். பிரிட்டா பின்னால் வெள்ளை கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அடியில் ரப்பர் பூட்ஸோடு. நேரான ஓட்டத்தில் அவர் கை பழையபடி பேசியது. வளைவு நெருங்க நெருங்கத் துடுப்பு வேகம் குறைந்தது. தண்ணீர் இரைச்சல் கேட்டது. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைத் திரும்பிப் பார்த்தேன்.

வளைவு திரும்பியதும் அவர் துடுப்பை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கினார்.

"வெர்னா, அது என்ன ஆரஞ்சா?"

பெரிய ஏரிகளில் படகைக் கட்டி நிறுத்த மிதக்கவிடும் ஆரஞ்சு உருண்டைகள், பூசணிக்காய் அளவு. லைல் சொன்ன ஒவ்வொரு கல்லிலும் ஒன்று, கயிற்றில் கட்டி, அலையில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்திலும் அவை தெரிந்தன.

"தக்கை" என்றேன்.

லைல் துடுப்பைப் போட்டார். நான் வலது, இடது என்று சொல்ல வாயைத் திறந்தேன், தேவைப்படவில்லை. படகு ஒரு தக்கைக்கும் அடுத்த தக்கைக்கும் நடுவில் வளைந்து வளைந்து போனது. மரத்தில் ஒரு கல்கூட உரசவில்லை. பின்னால் பிரிட்டா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கரையில் ஊரே நின்றது. வயட் கல்யாணக் கோட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவந்து படகைப் பிடித்தான். லைல் கயிற்றை அவன் கையில் கொடுத்தார். உடனே விட்டுவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது கல்லுல தக்கைக் கயிறு தொய்ஞ்சிருக்கு" என்றார். "இழுத்துக் கட்டு."

"நாளைக்கு எல்லாத்தையும் அவுத்துடறேன் சார்."

"எதுக்கு அவுக்கற? இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

ஆல்வின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்பது தெரிந்துதான் லைல் அதைச் சத்தமாகச் சொன்னார்.